நடுக்கடலில் 8 மாதக் குடித்தனம்!

இரண்டு பெண்கள். ஒரு பாய்மரப் படகு. சுற்றிலும் கடல்.

இந்தியக் கடற்படை அதிகாரிகளான ரூபா அழகிரிசாமியும், தில்னாவும் 2024-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி "தாரிணி" என்ற படகில் கோவாவில் இருந்து புறப்பட்டார்கள். உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 2025 மே 29-ந் தேதி கோவாவுக்கே திரும்பி வந்தார்கள். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். தில்னா கோழிக்கோட்டுக்காரர்.

வழியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவு, தென் ஆப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில்தான் கரையைத் தொட்டார்கள். மற்ற நாட்களெல்லாம் தண்ணீர்தான்.

வீரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். இப்படிப்பட்ட படகில் என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, ஏதாவது உடைந்தால் யாரைக் கூப்பிடுவது? குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்.

ஷிப்டு முறை

தாரிணி கோவாவில் கட்டப்பட்டது. 2017-ல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 17 மீட்டர். ஒன்றரை பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள்தான் அடுப்படி, படுக்கை, கழிவறை, வரைபட மேஜை எல்லாம்.

இரண்டு பேர் செல்லும் படகில் இருவரும் சேர்ந்து தூங்க முடியாது. ஒருவர் காவல் இருக்க, மற்றவர் படுப்பார். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். ஒரே கட்டிலில் பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் மாறி மாறிப் படுத்த அறைகளை மும்பைத் தமிழர்கள் அறிவார்கள். அதே கதைதான். ஆனால் இங்கே கட்டிலும் சாய்ந்து கிடக்கும். உருண்டு விழாமல் இருக்க, பக்கவாட்டில் துணியைக் கட்டிக்கொண்டுதான் கண்ணை மூட வேண்டும்.

அடுப்பு ஊஞ்சல் போல ஆடும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்பதற்காக இந்த ஏற்பாடு. சமைப்பவருக்கு அந்த வசதி கிடையாது! அவர் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பார். புதிய காய்கறி சில நாட்களுக்குத்தான் வரும். பிறகு வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உலர்ந்த உணவுதான்.

கடல் நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம் உண்டு. அது பழுதானால் மழைதான் கதி. பாயில் வழியும் மழை நீரை வாளியில் பிடிக்க வேண்டும். எனவே பாத்திரத்தை முதலில் கடல் நீரில் தேய்த்து, கடைசியில் மட்டும் ஒரு கை நல்ல நீர். கடல் நீர் பட்ட துணி ஒழுங்காகக் காயாது. அதில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சின்ன ஊசி, பெரிய ஆபத்து

காலையில் முதல் வேலை, படகைச் சுற்றி ஒரு நடை. மேல் தளத்தில் ஒரு திருகாணி கிடந்தால் போதும், வயிற்றைக் கலக்கிவிடும். அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வரை நிம்மதி இல்லை.

காரணம் இருக்கிறது. பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துப் பிடித்திருப்பவை எஃகுக் கம்பிக் கயிறுகள். ஒவ்வொரு கம்பியும் அடியில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கும். அந்த ஆணி நழுவாமல் காப்பது விரல் நீள ஸ்பிளிட் பின். சைக்கிள் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் சாமான்! அது தேய்ந்து விழுந்தால் ஆணி நழுவும், கம்பி விடும், மரமே சாயும்.

கயிறுக்கு எதிரி உராய்வு. காற்று ஒரே திசையில் பல நாள் வீசினால் கயிறு ஒரே இடத்தில் உருளையில் தேய்ந்து கொண்டிருக்கும். எனவே தினமும் ஒரு சாண் விட்டுக் கொடுப்பார்கள். தேய்மானம் வேறு இடத்துக்கு மாறும்.

பாய் நெய்வது பாலியஸ்டர் நூலில். மில் தொழிலாளிகள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்: வெயில் முதலில் துணியைத் தின்பதில்லை, தையலைத்தான் தின்கிறது. தையல் விட்ட இடத்தில் காற்று புகுந்தால் சில நிமிடத்தில் பாய் கந்தல். உள்ளங்கையில் தோல் கவசம் மாட்டி, கனத்த ஊசியால் கையாலேயே தைக்க வேண்டும், ஆடும் படகில்.

மரத்தின் உச்சியில் கோளாறு என்றால்? தாரிணியின் பாய்மரம் சுமார் 25 மீட்டர், எட்டு மாடி உயரம். ஒருவர் துணி நாற்காலியில் உட்கார, மற்றவர் கீழிருந்து சுற்றி ஏற்றுவார். கீழே ஒரு முழம் ஆடினால் உச்சியில் பல முழம் ஆடும். மேலே இருப்பவர் மரத்தைக் கட்டிப் பிடிக்க ஒரு கை, வேலைக்கு ஒரு கை.

சுக்கான் கோளாறு

இதே தாரிணியில் 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். 2018 ஏப்ரலில், ஊர் திரும்பும் வழியில் இந்தியப் பெருங்கடலில் சுக்கானைத் திருப்பும் கருவி பழுதாகிவிட்டது. திட்டத்தில் இல்லாத மொரீஷியசுக்குப் படகைக் கொண்டுபோய் பழுது பார்த்தார்கள். மே 21-ந் தேதி கோவா சேர்ந்தார்கள்.

மொரீஷியஸ் பக்கத்தில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். பசிபிக் கடலில் "நீமோ முனை" என்று ஓர் இடம் உண்டு. அங்கிருந்து மிக அருகில் உள்ள தரையே சுமார் 2,688 கிலோ மீட்டர்! 2025-ல் ரூபாவும் தில்னாவும் அந்த வழியாகத்தான் போனார்கள்.

கழிவறைக் கதவு

ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கேரளத்தவர். தன்னந்தனியாகப் படகு ஓட்டுபவர். 2018 செப்டம்பரில் ஒரு பந்தயத்தில் புயல் அவரது பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நடக்க முடியாமல் படகுக்குள் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது.

2022 செப்டம்பரில் அதே பந்தயத்துக்கு மறுபடி கிளம்பினார். காற்றின் துணையால் படகைத் தானே திருப்பும் கருவி வழியில் உடைந்தது. தனி ஆள் தூங்க வேண்டுமானால் அந்தக் கருவி ஓட வேண்டும். மாற்றுச் சாமான் தீர்ந்துவிட்டது. கண்ணில் பட்டது கழிவறைக் கதவு. அதைக் கழற்றி, அறுத்து, இழைத்துப் பொருத்தினார்.

படகில் வேறு ஆள் இல்லாததால் கதவு போனது ஒரு குறையாக இருந்திருக்காது! 16 பேர் புறப்பட்ட பந்தயத்தில், 236 நாட்களுக்குப் பிறகு 2023 ஏப்ரல் 29-ந் தேதி பிரான்சில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.