ஏழு விநாடி மத்தளம்

மேலே டிரம்ஸ் சப்தம் ரயில் வேகத்தில் தடதடக்கிறது. அதன் அடியிலே யானை நடப்பதுபோல ஒரு கனத்த மந்தர நாதம் நிதானமாக வருகிறது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் நடன அரங்குகளில் உருவான 'டிரம் அண்ட் பாஸ்' சங்கீதம் இப்படித்தான் இருக்கும்.

வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 170 அடி. ஆடுகிறவன் கால் ஓய்ந்துவிடாதா? ஓயாது. பாஸ் நாதம் பாதி வேகத்தில்தான் நடக்கிறது. நம் வித்வான்கள் மேல்காலம், கீழ்க்காலம் என்பார்களே, அவை இரண்டும் ஒரே சமயத்தில் ஒலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். களைத்தவன் பாஸைப் பிடித்துக்கொண்டு ஆடலாம். இளரத்தம் டிரம்ஸைத் துரத்தலாம்!

இந்த பாஸ், ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர்கள் கொண்டுவந்த சொத்து. ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கிப் பாட்டு வைப்பது அவர்கள் வழக்கம். காதைவிட நெஞ்சுக்கூட்டுக்கு நன்றாகத் தெரியும் நாதம் அது. சின்ன ரேடியோவில் கேட்டால் பாதிப் பாட்டு காணாமற் போய்விடும்.

டிரம்ஸ் எங்கிருந்து வந்தது? அது பெரிய கதை.

1969-ல் அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற கோஷ்டி ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் மறுபக்கத்தை நிரப்புவதற்காக 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசையைச் சேர்த்தார்கள். நடுவே மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரிகரி கோல்மன் என்பவர் டிரம்ஸில் தனியாக நான்கு ஆவர்த்தம் வாசித்தார். ஏழே விநாடி! முதல் இரண்டு ஆவர்த்தம் ஒரே மாதிரி. மூன்றாவதில் ஓர் அடியைச் சற்றுத் தாமதப்படுத்தினார். நான்காவதில் முதல் அடியையே காலியாக விட்டார். அந்தத் தயக்கத்தில் இருக்கிறது உயிர்.

லண்டன் இளைஞர்கள் இந்த ஏழு விநாடியை 'ஸாம்ப்ளர்' என்ற யந்திரத்தில் ஏற்றினார்கள். அடி அடியாக நறுக்கி, வேகத்தைக் கூட்டி, முன்னதைப் பின்னால் வைத்து அடுக்கினார்கள். யந்திரமே அடிக்கும் தாளம் கடிகாரம்போல இருக்கும். இதிலோ, எத்தனை நறுக்கினாலும் மனிதன் கை தெரிந்தது. சுமாரான பாட்டுக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஓசைமேல் ஓசையாகத் திணித்து, அந்தக் கையை மறைத்துவிடுகிறார்கள்.

கோல்டி என்ற கலைஞர் 1992-ல் 'டெர்மினேட்டர்' பாட்டில், வேகம் மாறாமலே டிரம்ஸின் சுருதியை ஏற்றிக்காட்டினார். 1995-ல் அவர் தந்த 'டைம்லெஸ்' 21 நிமிஷம் ஓடுகிறது. டயான் சார்லமேனின் குரலுக்கு இடம்விட்டு டிரம்ஸ் ஒதுங்குவதும் திரும்புவதும் அதில் கேட்டு ரஸிக்கவேண்டிய அழகு. 1997-ல் பிரிஸ்டல் நகரத்து ரோனி ஸைஸ் கோஷ்டியின் 'நியூ ஃபார்ம்ஸ்' மெர்குரி பரிசையே தட்டிக்கொண்டு போயிற்று.

கோல்மனுக்கு? இத்தனை பாட்டுகளிலிருந்தும் ஒரு காசு வரவில்லை. 2006-ல் அட்லாண்டா நகரில், வீடு வாசல் இல்லாத நிலையில் அவர் இறந்தார். 2015-ல் இங்கிலாந்து ரஸிகர்கள் முன்நின்று 24,000 பவுனுக்குமேல் வசூலித்துக் கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டவர் கோஷ்டித் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸர். வாசித்தவர் போய் அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.