முழங்கால் மாற்றிய பின் ஆறு வாரம்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு முன்பெல்லாம் ஜமுக்காளம் விரித்தால் போதும். இப்போது நாற்காலிக்குத்தான் போட்டி. அறுபதைத் தாண்டிய இருவர் சந்தித்தால், பிள்ளைகளின் வேலை, ஊர் நிலவரம் ஆகியவற்றுக்கு அடுத்த பேச்சு முழங்கால் வலிதான். “மாற்றிக்கொள்ளலாமா, வேண்டாமா?” என்று பலரும் கேட்பதால், மாற்றிக்கொண்ட மும்பைத் தமிழர்கள் சிலரிடமே கேட்டோம்.

வாஜ்பாய் அவர்கள் பிரதமராக இருந்தபோது, 2000 அக்டோபரில் இடது முழங்காலையும் 2001 ஜூனில் வலது முழங்காலையும் நம் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில்தான் மாற்றிக்கொண்டார். அதைப் பத்திரிகையில் படித்துத்தான் இப்படி ஒரு சிகிச்சை உண்டென்றே தெரிந்தது என்கிறார் செம்பூர் மாமி ஒருவர். ஆனாலும் வலி வந்த பிறகு ஏழு வருடம் தள்ளிப்போட்டார். காரணம் பயமல்ல. “நாள் பார்க்கறது பெரிசா? ஆத்துல யார் இருப்பா, அதைச் சொல்லுங்கோ!” மகனும் மருமகளும் காலை ஏழரைக்கு லோக்கல் பிடித்தால் திரும்ப இரவு எட்டு மணி. மகள் புனேயில். கடைசியில் கும்பகோணத்திலிருந்து தங்கை இரண்டு மாதம் வந்து தங்கினார். அதன் பிறகே தேதி குறித்தார்கள்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. “பிசியோதெரபி பையன் வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டாலே வயத்தைக் கலக்கும்.” பாசத்தோடு தங்கை முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க, அந்தப் பையன் கோபித்துக்கொண்டான். மடங்கியே பழகினால் கால் முழுதாக நீளாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். வலி மாத்திரையை வீறாப்பாக ஒதுக்குவதும் தவறு. வலி அடங்கினால்தானே பயிற்சி செய்ய முடியும்?

தாராவி அண்ணாச்சியின் கதை வேறு. ஊர்ப்பக்கம் போய் ஒரு காலை மாற்றிக்கொண்டு, மூன்றாவது வாரமே ரயிலேறிவிட்டார். “கடையை யாரு பாப்பா, சொல்லுங்க?” கல்லாவில் உட்கார்ந்தபடியே பயிற்சி நின்றுபோனது. கால் எழுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழவே தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பயிற்சி. அவர் வீடோ இரும்பு ஏணி வைத்த மாடி. இரண்டு மாதம் கடைக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுத்தார். அறுவையை டாக்டர் நன்றாகவே செய்திருந்தார் என்று அவரே சொல்கிறார்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் பெரும்பாலும் இவர்களைவிடச் சீக்கிரம் நடமாடுகிறார்கள். தொடை எலும்பின் பந்து முனைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய், 44 வயதிலேயே மாற்றிக்கொண்ட முலுண்ட் நண்பர் ஒருவர் ஆறாவது வாரம் ஆபீஸ் போனார். அதுவரை தாழ்ந்த இருக்கை கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து ஷூ மாட்டக் கூடாது. தூங்கும்போதும் கால்களுக்கு நடுவே தலையணை. மூட்டு நழுவிவிடாமல் இருக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, வரி தனி. மூட்டின் கம்பெனி, பேட்ச் எண், விலை ஆகியவற்றை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. கேட்டு வாங்குங்கள். இன்றைய வரம்பு எவ்வளவு என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் உழைக்கும்? வெளிநாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் இதழில் வந்த கட்டுரைப்படி, முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82ம், இடுப்பு மூட்டுகளில் 58ம் இருபத்தைந்து வருடம் தாங்குகின்றன.

சில தொந்தரவுகள் தங்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கும், நடக்கையில் ‘டக்’கென்று சத்தம் வரும், மாதக்கணக்கில் வீக்கமும் சூடும் இருக்கலாம். ஆனால் திடீரென்று காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி வாங்குவது நல்லது.

செம்பூர் மாமி இப்போது கூட்டமில்லாத நேரத்தில் லோக்கலில் மாட்டுங்கா போய்க் காய்கறி வாங்கிவருகிறார். ஸ்டேஷன் பாலத்தில் ஏற நல்ல கால் முன்னே, இறங்க வலிக்கும் கால் முன்னே என்று ஆரம்பத்தில் படித்த பாடம் இப்போது தேவைப்படவில்லை. தரையில் உட்காருவது மட்டும் இல்லை.

குணமானவர்கள் கொடுத்த இரண்டு வாக்கர்களும் ஒரு கமோடு நாற்காலியும் நம் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. தேவைப்படும் அன்பர்கள் ஆறு வாரத்துக்கு வாங்கிச் செல்லலாம். பகலில் ஆளில்லாத வீடுகளுக்கு ஒரு மணி நேரம் போய்த் துணையிருக்கக்கூடியவர்களும் அங்கேயே பெயர் கொடுக்கலாம்.