முடிவு செய்த பின் கேட்பதா?

தாலி கட்டி முடிந்த பிறகு, பந்தலில் நின்றுகொண்டு, "பெண்ணுக்குச் சம்மதந்தானா?" என்று விசாரிக்கும் பெரியவரைப் பற்றி ஊரார் என்ன நினைப்பார்கள்? அவருடைய மரியாதையை மெச்சமாட்டார்கள். பரிகாசம் செய்கிறார் என்றே நினைப்பார்கள். ரஸ்தா போடும் விஷயத்தில் இந்தப் பரிகாசம் நமது தேசத்தில் சட்டத்தின் ஆசியோடு நடந்து வருகிறது. ரஸ்தா எங்கே போவது, எவ்வளவு அகலம், எவருடைய வீடு, எந்த வாய்க்கால் என்பனவெல்லாம் காகிதத்தில் தீர்ந்துபோன பிறகு, ஜனங்களின் அபிப்பிராயம் கோரப்படுகிறது. ஜனங்கள் பேசுகிறார்கள், அதிகாரிகள் எழுதிக்கொள்கிறார்கள், ரஸ்தா முன்பு வரைந்த கோட்டிலேயே போகிறது. "பின் எங்களை ஏன் கூப்பிட்டீர்கள்?" என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வார் இல்லை.

இந்தக் கேள்வி இன்று மரக்காணத்திற்கு நெருக்கமானதாகி விட்டது. 2025-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி, மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையில் சுமார் 46 கிலோமீட்டர் தூரத்திற்கு, 332ஏ தேசிய நெடுஞ்சாலையை நான்கு தடமாக்கும் திட்டத்திற்கு மத்திய மந்திரி சபை சம்மதம் அளித்தது. மதிப்பீட்டுச் செலவு 2,157 கோடி ரூபாய். மாமல்லபுரத்திலிருந்து முகையூருக்கும், முகையூரிலிருந்து மரக்காணத்திற்கும் உள்ள பகுதிகள் வேறு இரண்டு திட்டங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டவை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரமாக ஓடும் பழைய கிழக்குக் கடற்கரை ரஸ்தா இவ்விதம் புது உருவம் பெறுகிறது.

ரஸ்தா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விரையும் மோட்டார்களுக்கும், உப்பு ஏற்றிய லாரிகளுக்கும், சைக்கிளில் போகும் கூலியாளுக்கும், பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைக்கும் இரு தடமுள்ள ஒரே ரஸ்தா போதாது என்பதைக் கண்ணுள்ளவர் எவரும் ஒப்புக்கொள்வர். விபத்தில் ஒருவனைப் பறிகொடுத்த குடும்பத்தாரிடம் போய், "பழைய ரஸ்தாவே நல்லது" என்று பேசுவது மனிதத் தன்மையன்று. நமது வழக்கு ரஸ்தாவின் மேல் அல்ல. அதைத் தீர்மானிக்கும் முறையின் மேல்.

மரக்காணம் எப்படிப்பட்ட ஊர் என்பதை டில்லியில் வரைபடம் பார்க்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி அது. ஒரு பக்கம் கடல். மற்றொரு பக்கம், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி. இவற்றின் நடுவே வெயிலில் வெள்ளையாய் மின்னும் உப்பளங்கள். உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு விட்டுக் காயவைத்து, உப்பு விளைந்ததும் பலகையால் வாரிக் குவித்து, தலைச்சுமையாகக் கரையேற்றி, குவியலை ஓலையால் மூடி வைப்பார்கள். லாரி ரஸ்தா ஓரத்தில் வந்து நிற்கும். நீர் ஓடும் மட்டம் ஒரு சாண் மாறினாலும் இத்தொழில் கெடும். மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியில்லாமற் போனால் அளத்தின் கரைகள் உடையும்.

ஆகவே இவ்வூரில் ரஸ்தாவை உயர்த்துவதும், அடியில் மதகு வைப்பதும், நடுவே தடுப்புச்சுவர் எழுப்புவதும் வெறும் இஞ்சினீயர் விஷயமல்ல. நடுச்சுவர் வந்தால் ஒரு கிராமம் இரண்டாகும். இக்கரையில் வீடும் அக்கரையில் அளமும் உள்ளவள் எங்கே கடப்பாள்? உப்பு லாரி எங்கே நிற்கும்? இன்று ரஸ்தா ஓரத்தில் நிற்பதை நாளைக்குக் குற்றமென்று அபராதம் விதித்தால், வேறு இடம் யார் கொடுப்பது? மீன் கூடைக்காரி பஸ்ஸுக்கு எங்கே காத்திருப்பாள்? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் மரக்காணத்திலே இருக்கிறார்கள். அவர்களை எந்தச் சமயத்தில், எந்த விதத்தில் கேட்கிறோம் என்பதே விஷயம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1956-ம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், நிலம் எடுக்கும் புதிய விதிகள் 1997-ல் சேர்க்கப்பட்டன. நிலம் எடுக்கும் உத்தேசத்தை அறிவித்த 21 நாட்களுக்குள், அந்நிலத்தில் பாத்தியதை உள்ளவர் ஆக்ஷேபணை எழுதிக் கொடுக்கலாம். அதிகாரி விசாரித்து இடும் உத்தரவே முடிவானது. இந்த 21 நாள் என்ற அளவை நேயர்கள் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்நியர் ஆட்சியில் 1894-ல் செய்யப்பட்ட நில ஆர்ஜிதச் சட்டத்தில், 1923-ல் நுழைக்கப்பட்ட 5ஏ பிரிவு, ஆக்ஷேபணைக்கு 30 நாள் கொடுத்தது. நம்மை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் கொடுத்த அவகாசத்தில் ஒன்பது நாளை நமது குடியரசு குறைத்திருக்கிறது! இன்னொன்றும் உண்டு. ரஸ்தாவின் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒருவர் கேட்டால், பதில் கொடுக்க அதிகாரிக்கு அச்சட்டம் 30 நாள் கொடுக்கிறது. வரைபடம் கைக்கு வரும்போது ஆக்ஷேபணைக் கதவு மூடியிருக்கும்.

அதிலும், ஆக்ஷேபணை சொல்ல உரியவர் நிலத்தில் பாத்தியதை உள்ளவர் மாத்திரமே. மரக்காணத்து உப்பள நிலங்களில் பெரும்பகுதி மத்திய, ராஜ்ய சர்க்கார்களுக்குரியவை; அவற்றைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார்கள். அந்தக் குத்தகை நிலத்தில் கூலிக்கு உப்பு வாரும் தொழிலாளிக்குப் பட்டாவும் இல்லை, குத்தகைச் சீட்டும் இல்லை. 2013-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் இத்தகையோரை மறக்கவில்லை. நிலமில்லாவிடினும், எடுக்கும் பிரதேசத்தில் மூன்று வருஷம் உழைத்து அதனாலேயே ஜீவிக்கும் குடும்பமும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று அது வகுத்தது. அவர்களைக் கண்டறியச் சமூகப் பாதிப்பு ஆராய்ச்சியும், அதற்குப் பகிரங்க விசாரணையும் வேண்டுமென்றது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கையில் அந்த ஆராய்ச்சி தேவையில்லை என்று அதே சட்டத்தின் 105-வது பிரிவு விலக்களித்து விட்டது. நஷ்டஈடும் புனர்வாழ்வும் மட்டும் 2015-ல் நெடுஞ்சாலைக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டன. உரிமை இருக்கிறது, உரியவர் எவர் என்று தேடும் விசாரணை இல்லை. பந்தியில் இலை போட்டுவிட்டு வாசலைப் பூட்டியது போன்ற ஏற்பாடு இது.

சுற்றுச்சூழல் சட்டத்திலாவது வழி உண்டா? 2006-ம் வருஷத்து அறிவிக்கை பகிரங்க விசாரணைக்கு இடந்தருகிறது. 30 நாள் முன்னதாக அறிவிப்பு. ஒரு தேசியப் பத்திரிகையிலும் ஒரு பிரதேச பாஷைப் பத்திரிகையிலும் விளம்பரம். வந்தவர் ஒவ்வொருவருக்கும் பேசச் சந்தர்ப்பம். நடவடிக்கைகளைக் கூட்டத்தின் முடிவில் உள்ளூர் பாஷையில் வாசித்துக் காட்டுதல் ஆகிய நல்ல விதிகள் அதில் உள்ளன. ஆனால் கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஒருவரும் வராத கூட்டமும் கூட்டந்தான்! மேலும், 2013-ல் செய்த திருத்தத்தின்படி, தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்குவதற்கு இந்த முன்-அனுமதி வேண்டுமானால், விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டதாயும், குறித்த அகலத்திற்கு மேல் நிலம் எடுப்பதாயும் இருக்க வேண்டும். 46 கிலோமீட்டர் எந்தப் பக்கத்தில் விழும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதே விழுப்புரம் ஜில்லாவில் இப்பிரச்னை முன்பே நியாயஸ்தலம் ஏறியது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ரஸ்தாவை நான்கு பகுதிகளாகப் பிரித்து வேலை தொடங்கியபோது, சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2021 ஜனவரி 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆயினும், அனுமதியிலிருந்து தப்பும் உபாயமாக ரஸ்தாவைத் துண்டு போடலாகாது என்று சொல்லி, துண்டு போடுவது எப்போது பொருந்தும் என ஆராய ஒரு நிபுணர் கமிட்டியை நியமிக்கும்படி உத்தரவிட்டது. மரக்காணத்து ரஸ்தாவை அந்த எண்ணத்தோடு பிரித்தார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. எண்ணம் எதுவானாலும் குடிஜனங்களுக்குப் பலன் ஒன்றுதான்.

சேலம் எட்டு வழி ரஸ்தாவின் கதையையும் நாடு மறக்கவில்லை. 2018-ல் 277 கிலோமீட்டர் ரஸ்தாவுக்காக, போலீஸ் காவலோடு வயல்களில் அளவுக்கல் நட்டார்கள். 2019 ஏப்ரல் 8-ந் தேதி ஹைகோர்ட்டு நில அறிவிக்கைகளை ரத்துச் செய்தது; 2020 டிசம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவற்றுக்குப் பெரும்பாலும் உயிர் கொடுத்தது. இரண்டு வருஷ வழக்கில் ஜயித்தவர் யார்? ரஸ்தாவும் எழவில்லை, குடியானவனும் நிம்மதியாக உறங்கவில்லை. முதலில் ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டிருந்தால் பின்னால் வருஷக்கணக்கில் கோர்ட்டில் நிற்க வேண்டியிராது என்பதே அதன் பாடம்.

கிராம சபை இருக்கிறதே என்பார்கள். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள் நமது ராஜ்யத்தில் கிராம சபை கூடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு அதன் சம்மதம் அவசியமில்லை. மரக்காணமோ பேரூராட்சி, கிராம சபை என்பதே அதற்குக் கிடையாது.

ஜனங்களைக் கேட்பது எப்படி என்பதற்கு இங்கிலீஷ் நியாயஸ்தலங்கள் ஓர் அளவுகோலை ஏற்படுத்தியிருக்கின்றன. 1985-ல் லண்டனைச் சேர்ந்த பிரெண்ட் கவுன்சிலின் மேல் வந்த கன்னிங் வழக்கில் நான்கு நிபந்தனைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. யோசனை உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். ஜனங்கள் புத்தியோடு பதில் சொல்லத்தக்க காரணங்களை வெளியிட வேண்டும். போதிய அவகாசம் தரவேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014-ல் ஹேரிங்கே கவுன்சில் வழக்கில் அத்தேசத்து சுப்ரீம் கோர்ட்டு இந்நான்கையும் உறுதிப்படுத்தியது. மாற்று வழிகளை மறைத்துவிட்டு ஜனங்களைக் கேட்டது செல்லாது என்றது. இவை கேவலம் அந்நியச் சரக்கல்ல. ஊர்ப் பெரியவர்கள் ஏரி மதகைத் திறக்குமுன் கடைமடைக்காரனை அழைத்துக் கேட்ட நமது பழைய நியாயமே இது.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது அதிகமன்று. மரக்காணத்திலும் வழியிலுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் தமிழில் எழுதிய வரைபடத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். ரஸ்தாவைக் கடக்கும் வழிகள், மதகுகள், லாரி நிற்கும் இடம், பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றை அதில் குறியுங்கள். உப்பு வேலை நடக்கும் பகலில் கூட்டம் போடாமல், தொழிலாளர் வரக்கூடிய மாலை நேரத்தில் போடுங்கள். பட்டாதாரரை மாத்திரமின்றி, அளத்தில் கூலி வேலை செய்வோரையும் மீனவரையும் கூப்பிடுங்கள். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள் என்று எழுத்து மூலம் பதில் கொடுங்கள். இவற்றைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஜில்லா கலெக்டரின் மனமும் ஓர் உத்தரவும் போதும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது செய்யாமலிருப்பதற்குக் காரணமாகாது.

நமது தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டத்தில் கோஷம் போட்டுவிட்டுக் கலைவதால் பலனில்லை. அறிவிக்கை வெளிவந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 21 நாள் அன்றே ஓடத் தொடங்குகிறது. எழுதத் தெரியாதவருக்கு ஆக்ஷேபணை எழுதிக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். எந்தக் குடும்பம் எந்த அளத்தில் எத்தனை வருஷமாக உழைக்கிறது என்று வீடு வீடாகப் போய் ஜாபிதா தயாரியுங்கள். சட்டம் வகுத்த மூன்று வருஷ உழைப்புக்குச் சாட்சி சர்க்கார் ரிகார்டில் இராது. நீங்கள் எழுதும் அந்த ஜாபிதாவில்தான் இருக்கும்.

1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியம் வரையில் நடந்து சென்று, கடற்கரையில் உப்பெடுத்துச் சிறை புகுந்தார். இந்நாட்டுக் கடலோரத்து உப்பை இந்நாட்டான் எடுக்க அந்நிய சர்க்காரின் அனுமதி எதற்கு என்பதே அன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த உப்பை இன்று விளைவிக்கிறவனுடைய வாசல் வழியே ரஸ்தா போடும்போது, அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்பது இன்றைய கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அந்நியர் அல்லர். நாமே தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். கோடு வரைந்த மை உலர்வதற்கு முன்னால் அவர்கள் மரக்காணத்திற்கு வரட்டும்.