தெரியாமல் செய்தாலும் தப்புத்தானா?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதைகள் சொல்வார். ஒரு சிறுவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு தட்டு நிறையக் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகளும் உடைந்துபோகின்றன. இன்னொருவன், அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஜாம் திருட அலமாரிக்கு எட்டுகிறான். கை பட்டு ஒரே ஒரு கோப்பை விழுந்து உடைகிறது. இருவரில் யார் செய்தது பெரிய தப்பு?

சிறு குழந்தைகள் பலரும் 15 கோப்பைகளை உடைத்தவனைத்தான் காட்டினார்கள். வளர வளரப் பதில் மாறியது. சேதத்தின் கணக்கை விட்டுவிட்டு, எந்த எண்ணத்தில் செய்தான் என்று பெரிய குழந்தைகள் பார்த்தார்கள். பியாஜே இதை 1932இல் நூலாக எழுதினார்.

அப்படியானால் பெரியவர்கள் எப்போதும் எண்ணத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்களா? அதுதான் இல்லை.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில் கன்று தானாகத்தான் இளவரசனின் தேர்க்காலில் வந்து விழுகிறது. அவன் மனதில் கொல்லும் எண்ணம் இல்லை. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் வாதாடுகிறார்கள். அரசனோ பசுவின் இழப்பை மட்டுமே பார்க்கிறான். உலகின் பத்துச் சமூகங்களில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வும், எண்ணத்துக்குத் தரும் மதிப்பு ஊருக்கு ஊர் வேறுபடுவதைக் காட்டியது. ஃபிஜியின் யசாவா தீவு மக்கள் அதற்கு மிகக் குறைந்த மதிப்பே கொடுத்தார்கள்.

எண்ணத்தைக் கணிக்கும் வேலையில் வலது காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக உள்ள மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. லியான் யங், ரெபேக்கா சாக்ஸ் உள்ளிட்ட எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2010இல் காந்தத் துடிப்புகளால் அந்தப் பகுதியின் வேலையைச் சற்றே குலைத்துப் பார்த்தார்கள். விஷம் என்று நினைத்துத் தோழியின் காபியில் ஒருத்தி பொடியைக் கலக்கிறாள். அது வெறும் சர்க்கரை, தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிலையில் இது போன்ற கதைகளைப் படித்தவர்கள், வழக்கத்தைவிடக் குறைவாகவே அவளைக் குற்றம் சொன்னார்கள். யாருக்கும் கெடுதல் நேராதது அவர்கள் தீர்ப்பில் கூடுதல் எடை பெற்றுவிட்டது.

தத்துவவியலாளர் ஜோஷுவா நோப் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு பூங்காவுக்கு வந்தவர்களிடம் அவர் ஒரு கதையைக் கொடுத்தார். புதிய திட்டத்தால் லாபம் வரும், ஆனால் சுற்றுச்சூழல் கெடும் என்கிறார் துணைத் தலைவர். “சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, லாபம் வந்தால் போதும்” என்று திட்டத்தைத் தொடங்கச் சொல்கிறார் நிறுவனத் தலைவர். சுற்றுச்சூழல் கெடுகிறது. அவர் வேண்டுமென்றே கெடுத்தாரா? 82 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மற்றொரு பிரிவினருக்குக் கொடுத்த கதையில் ஒன்றே ஒன்றுதான் மாறியது: திட்டத்தால் சுற்றுச்சூழல் மேம்படும். தலைவர் அதே அலட்சியத்தோடு பேசுகிறார். வேண்டுமென்றே நல்லது செய்தார் என்று சொன்னவர்கள் 23 சதவீதம் மட்டுமே. எண்ணத்தை வைத்துச் செயலை எடைபோடுவதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில், நடந்து முடிந்ததை வைத்து எண்ணத்தையே எழுதிவிடுகிறோம்.

சட்டமும் விளைவைக் கணக்கில் எடுக்கத்தான் செய்கிறது. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவின்படி, பொதுச்சாலையில் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அதே ஓட்டத்தில் ஓர் உயிர் போய்விட்டால், 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை போகலாம். குறுக்கே ஆள் வந்தாரா இல்லையா என்பது ஓட்டியவர் கையில் இல்லை. உயிரிழப்புக்குக் கூடுதல் தண்டனை வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஆள் வராததால் தப்பித்தவரை நாம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. வீட்டில் யாராவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தால், ‘அதுதான் ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே கண்டியுங்கள்.