குறிப்பேடும் கருப்பொருளும்

ஒரு நிலத்தை அறிதல் என்பது யாது? எல்லையையும் தலைநகரையும் குடித்தொகையையும் மனனஞ் செய்துவிட்டால் அந்நிலத்தை அறிந்தவராவோமா? தொல்காப்பியனார் இவ்வினாவிற்கு என்றோ விடை தந்து சென்றார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்து மக்கள் வணங்கும் தெய்வம், உண்ணும் உணவு, அங்கு வாழும் விலங்கும் பறவையும், மரம், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். அம்மக்களின் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். இம்மூன்றும் கூடியவிடத்தே திணை நிறைவு பெறும்.

இவ்விலக்கணத்தின் ஒரு பாதி, கடல் கடந்த நாட்டுச் சிறுவரின் கொப்பிகளில் உயிரோடு இருப்பதைச் சில காலத்திற்கு முன் கண்டு வியந்தேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்கள் பல உள. 1993 ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களிலும் அது சட்டத்தால் ஏற்கப்பட்டுவிட்டது. அக்குடும்பங்கள் விரும்பி மேற்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்று மாநிலக் குறிப்பேடு. ஒவ்வொரு மாநிலத்திற்கும் சில பக்கங்கள். அவற்றில் வரைபடம், கொடி, மாநிலப் பறவை, மலர், மரம், ஐக்கிய நாட்டில் அது சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைப் பிள்ளை தன் கையாலேயே வரைந்து எழுதும். என்னிடம் பயின்று அந்நாட்டிற் குடியேறிய ஒருவர், விடுமுறைக்குப் பதுளை வந்தபொழுது, தம் மகள் மூன்றாண்டாக எழுதிவரும் ஏட்டை என் முன் விரித்தார்.

ஏடு அழகியது. 1787 இல் அரசியலமைப்பை முதலில் ஏற்ற டெலவேர் முதற் பக்கத்தில் நின்றது. கார்டினல் என்னும் செந்நிறப் பறவையை ஏழு மாநிலங்கள் தமதாகக் கொண்டமையையும், மேய்ன் மாநிலத்தின் ‘மலர்’ உண்மையில் மலரன்று, பைன் மரத்தின் காய்க்கூம்பே என்பதையும் அச்சிறுமி தானே கண்டு குறித்திருந்தாள். விரைந்து படித்து விரைந்து மறக்கும் தேர்வுக் கல்வியில் வாய்க்காத பேறு இது. ஆண்டுக்கணக்கில் எழுதும் ஏட்டில் பிள்ளையின் கையெழுத்தோடு அறிவும் வளர்கின்றது.

ஆயினும் ஒன்று குறைந்திருந்தது. ஹவாய் மாநிலத்தின் பக்கத்தில் மஞ்சட் செம்பருத்தி இருந்தது. நேனே என்னும் வாத்தினப் பறவை இருந்தது. 1959 இல் அது 50 ஆம் மாநிலமாகியமை இருந்தது. கரும்புத் தோட்டத்தின் படமும் இருந்தது. “கரும்பு வெட்டியவர் யார், பிள்ளை?” என்றேன். அவள் தந்தையை நோக்கினாள்.

சீனம், யப்பான், போர்த்துக்கல், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்களே அக்கரும்பை வெட்டினர். பெயர் சொல்லி அழைக்கப்படாது, எண் பொறித்த உலோக வில்லையைத் தாங்கி அவர்கள் வேலை செய்தனர். இதனைக் கேட்டதும் அவள் தந்தையின் முகம் மாறிற்று. அவருடைய பாட்டி பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிற் கொழுந்து பறித்தவர். தமிழகத்திலிருந்து இத்தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும் எண் பொறித்த தகர வில்லையோடு வந்தவரே அல்லரோ?

ஒப்புமை அதனோடு முடிகின்றது, வேற்றுமை தொடங்குகின்றது. 1900 ஆம் ஆண்டின் பின் ஹவாய்த் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகள் பிறப்பினாலேயே அமெரிக்கக் குடிமக்களாயினர். அவர்தம் யப்பானியத் தந்தையரோ 1952 வரை அவ்வுரிமையைக் கோரவும் இயலாதிருந்தனர். நம் மலையகத்திலோ, 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால், இம்மண்ணிற் பிறந்தவரே நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றவராய் மீந்திருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே வழங்கினர். பாலைக்குரிய பிரிவும் நெய்தற்குரிய இரங்கலும் இக்குறிஞ்சி நிலத்து நிலையங்களிலே நிகழ்ந்தன. இதுவன்றோ நம் உரிப்பொருள்!

இவ்வெண்ணத்தால், எம் மாணவர் சிலரைக் கொண்டு இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். முதலில் எழுதியது பதுளை. 1886 இல் ஊவா தனி மாகாணமானது, 1924 இல் பதுளைக்குப் புகையிரதம் வந்தது, தெமோதரையில் இருப்புப்பாதை வளைந்து தன்னடியிலேயே தான் நுழைந்து செல்வது, ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றால் ஊவாத் தேயிலை தனி மணம் பெறுவது ஆகியன முதற்பொருளாயின. இவற்றை நூல்களிலிருந்து எடுத்தனர்.

கருப்பொருளுக்கோ நூல் போதவில்லை. லயங்களுக்குச் சென்று முதியோரைக் கேட்க வேண்டியதாயிற்று. தெய்வம் என்ற தலைப்பின்கீழ் மாரியம்மனோடு, தொழிற்சாலைச் சக்கரத்திற்குக் காவலான ரோதை முனியும் வந்தது. பறை என்றவிடத்துத் தப்பும் காமன் கூத்தும் வந்தன. தொழில் என்றவிடத்துக் கொழுந்தெடுத்தலும் கவ்வாத்தும் பெரட்டுக்களமும் வந்தன. பல தோட்டங்களுக்கு ஏட்டில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்குவதை மாணவர் அன்றுதான் உணர்ந்தனர். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்ததை எழுதிய மாணவி, அப்பக்கத்தில் எப்படமும் வரையாது வெறிதே விட்டிருந்தாள். காரணம் யான் வினவவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிடின் மலைநாட்டு மக்களின் பாடல்கள் பல வாய்மொழியோடே மறைந்திருக்கும். அத்தகைய தொண்டு பேரறிஞர்க்கே உரியதென்று கருதி நாம் வாளாவிருத்தல் தகாது. ஒப்பாரிக் கோச்சியில் உறவினரை ஏற்றி அனுப்பியவர் இன்று மூப்பின் எல்லையில் இருக்கின்றனர். அவர்தம் நினைவுகளுக்கு வேறு படி இல்லை.

ஆதலின் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் யான் வேண்டுவது இதுவே. மாதம் ஒரு மாவட்டமெனக் கொள்ளின் 25 மாதங்களில் ஏடு நிறையும். வேண்டுவன ஒரு கொப்பியும், கேட்கும் செவியும். கொடியும் பறவையும் மலரும் பிள்ளைகள் வரையட்டும், அவை வேண்டற்பாலனவே. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இரு வினாக்களுக்கு இடம் விடப்படல் வேண்டும்: இங்கே உழைத்தவர் யார்? அவர் எதற்காக அழுதனர், எதற்காக மகிழ்ந்தனர்? இவ்விரண்டிற்கும் விடை எழுதிய பிள்ளை, யாழ்ப்பாணத்தின் பக்கத்தையும் அம்பாந்தோட்டையின் பக்கத்தையும் அயலார் நிலமென எண்ணாது எழுதும்; தன் தோட்டத்தையும் உலகப் படத்தில் ஓரிடமாகக் காணும்.