மன்றத்தில் நின்ற இடம்

2024ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் நேரம். அஸர் தொழுகைக்குப் பின் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்தனர். மூன்றாம் ஜும்ரா மாணவன் ஒருவன் மட்டும் கிதாபை மார்போடு அணைத்தபடி நின்றான். அவனுடைய தந்தை தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி.

"உஸ்தாத், துறைமுகத்திற்குப் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறதாம். அதற்கு யார் யார் கை தூக்கினார்கள், யார் யார் மறுத்தார்கள் என்று உங்களிடம் கேட்டு வரும்படி வாப்பா சொன்னார்கள்" என்றான்.

வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றவன் என்று என்னை நம்பி அனுப்பப்பட்ட கேள்வி. என்னிடம் விடை இல்லை. நாளை சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். நாளை என்றது பல நாட்களாயிற்று.

அன்பு வாசகர்களே! வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை நீளும் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் அரசியல் பேசாத தேநீர்க் கடை கிடையாது. எந்தத் தலைவர் எந்தப் பள்ளிவாசலில் தொப்பியணிந்து அமர்ந்து நோன்புக் கஞ்சி அருந்தினார், யார் வீட்டு நிக்காஹுக்கு வந்தார், யார் வராமல் போனார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். நாம் வாக்களித்து டில்லிக்கு அனுப்பியவர் அங்கே எந்த மசோதாவுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டால் கடை முழுவதும் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களையே எடுத்துக்கொள்வோம். 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான்; அதுவரை இக்கடற்கரையும் நெல்லைச் சீமையே. ஆகவே அவர்களை நம் மண்ணின் மைந்தர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை. அவர்களுடைய எளிமையைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் முன்மொழிந்த திருத்தங்கள் எவை, அவற்றின் கதி என்னவாயிற்று என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கல்லூரி நாட்களில் அந்தச் சபையின் நடவடிக்கைத் தொகுதிகளை முதன்முறையாகப் புரட்டியபோது எனக்கே வியப்பாக இருந்தது. நாம் கொண்டாடும் தலைவர் அந்த ஏடுகளில் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

1948 நவம்பர் 23. பொது சிவில் சட்டத்தைப் பற்றிய 35ஆம் வரைவுப் பிரிவு விவாதத்திற்கு வருகிறது. எந்தச் சமூகமும் தனக்கென்று உள்ள தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்றொரு வரையறையை அப்பிரிவோடு சேர்க்க வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் எழுந்து முன்மொழிகிறார். மலபாரின் போக்கர் சாஹிப், மதராஸின் மஹபூப் அலி பேக், வங்காளத்தின் நஸீருத்தீன் அஹ்மது ஆகியோரும் அதே வழியில் பேசுகின்றனர். மறுத்துப் பேசியவர்கள் சாமான்யர்கள் அல்லர், கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் சட்ட மேதைகள். இறுதியில் டாக்டர் அம்பேத்கர் திருத்தங்களை ஏற்க மறுத்தார். ஆயினும், இச்சட்டத்திற்கு உட்பட விரும்புவதாகத் தாமே அறிவிப்பவர்களுக்கு மட்டும் அதைப் பொருந்தச் செய்வதிலிருந்து எதிர்காலப் பாராளுமன்றம் தொடங்கக்கூடும் என்றும் சொல்லி வைத்தார். திருத்தம் தோற்றது. அந்தப் பிரிவே இன்றைய 44ஆவது ஷரத்து.

தோற்றதனால் அது வீண் முயற்சியா? அம்பேத்கர் அவர்களின் அந்த விளக்கம் ஏட்டில் ஏறியதற்குக் காரணமே அத்திருத்தங்கள்தாம். ஒருவர் எழுந்து கேட்டதனால்தான் மற்றவர் பதில் சொல்ல நேர்ந்தது. 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தபோதும், 2024இல் உத்தராகண்ட் சட்டமன்றம் தன் மாநிலத்திற்குப் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியபோதும், இருதரப்பாரும் 1948இன் அந்தப் பக்கங்களைத்தான் தேடிச் சென்றனர்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். காயிதே மில்லத் தமிழை ஆட்சிமொழியாக்கக் கோரினார் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். ஏட்டிலுள்ள வாதம் சற்று நுட்பமானது. ஒரு மொழியின் தொன்மைதான் தகுதி என்றால், இம்மண்ணில் பேசப்படும் மொழிகளுள் மூத்தவை தமிழும் அதன் இனமான திராவிட மொழிகளுமே என்பது அவர்களுடைய வாதம். மேடையில் அந்த 'என்றால்' உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த பின் எஞ்சுவது முழக்கம். உதிராதிருந்தபோது அது எதிராளியின் அளவுகோலை வாங்கி எதிராளியையே அளந்து காட்டிய வாதம். வக்கீல்கள் நிறைந்த அவையில் எதற்கு மதிப்பு இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது. 1949 மே மாதத்தில், முஸ்லிம்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொண்டு வந்தார்கள். அதை வல்லபாய் பட்டேல் கடுமையாக எதிர்த்தார். பேகம் அய்ஜாஸ் ரசூல் முதலிய முஸ்லிம் உறுப்பினர்களே அதற்கு உடன்படவில்லை. என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, அன்று பேகம் அவர்கள் கண்டதே சரி. தனித் தொகுதி நிலைத்திருந்தால் பிற சமூகத்து வேட்பாளர் எவரும் நம் தெருவுக்குள் வந்து வாக்குக் கேட்க வேண்டிய அவசியமே இருந்திராது. இஸ்மாயில் சாஹிப் அவர்களே பிற்காலத்தில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரியில் எல்லாச் சமூகத்தாரும் வாக்களிக்கும் பொதுத் தொகுதியில் நின்றே வென்றார்கள். அன்னாரின் மீதுள்ள மரியாதை இதைச் சொல்வதனால் குறைந்துவிடாது. தாம் நினைத்ததை மறைக்காமல் ஏட்டில் ஏற்றிச் சென்றதனால்தானே முக்கால் நூற்றாண்டு கழித்து என் போன்ற ஒரு மதரஸா ஆசிரியன் உடன்படவோ மறுக்கவோ முடிகிறது!

அதே அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழு உறுப்பினராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவர்களுக்கும் நம் கரைக்கும் தொடர்புண்டு. முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை வடபுலத்தாரே தீர்மானித்துக் கொள்ளட்டும் என்ற கருத்தில் 1948 நவம்பரில் எச்சரித்தவர் அவர். 1957இல் தென் சென்னைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். நிதியமைச்சராக இருக்கையில் ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் முந்த்ரா நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தைப் பெரோஸ் காந்தி அவையில் எழுப்பினார். சக்ளா கமிஷன் விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆளுங்கட்சி அமைச்சரை ஆளுங்கட்சி உறுப்பினரே கேள்வி கேட்டு இறக்கிய காலம் அது. ஆனால் 1962 தேர்தலில் அவரை எதிர்த்துத் திருச்செந்தூரில் ஒருவரும் நிற்கவில்லை, போட்டியின்றித் தேர்வானார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு அடுத்த ஆண்டு, பாராளுமன்ற உறுப்பினரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இத்தொகுதி மக்களுக்கு ஒரு வாக்குச்சீட்டும் கிடைக்கவில்லை.

பெரோஸ் காந்தியைப் போல் இன்று ஒருவர் துணிவது எளிதன்று. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். பணத்துக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், மனச்சாட்சிக்கு மாறுபடுபவரையும் கட்டிப்போட்டுவிட்டது. ஆகவே இன்று ஓர் உறுப்பினரின் வாக்கு என்பது பெரும்பாலும் அவர் கட்சியின் வாக்கே. நாம் கணக்குக் கேட்க வேண்டிய இடமும் அதற்கேற்ப மாறியிருக்கிறது.

கணக்கு இருக்கிறதா என்றால், சில நாட்களில் இருக்கிறது. 2019 ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவையில் வந்தபோது அ.தி.மு.க. ஆதரித்தது, 5 நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது. அங்கே மசோதா 99க்கு 84 என்ற கணக்கில் நிறைவேறியது. வெளிநடப்பு என்பது நம்மூரில் எதிர்ப்பு என்றே பேசப்படுகிறது. அவையிலிருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மைதான் கணக்கு என்பதால், வெளியேறியவர்கள் ஆளுங்கட்சி எட்ட வேண்டிய எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதே உண்மை. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவையில் 311க்கு 80 என நிறைவேறியது. தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி அவர்கள் சார்ந்த தி.மு.க. எதிர்த்தது, மாநிலங்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தனர். 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதா 288க்கு 232 என்று மக்களவையைக் கடந்தது. அப்போதும் தி.மு.க. எதிர்ப்புப் பக்கமே நின்றது, இம்முறை அ.தி.மு.க.வும் மாநிலங்களவையில் எதிர்த்தது.

இவையெல்லாம் நாம் கண் விழித்துப் பார்த்திருந்த நாட்கள். 2019 ஜூலை 15இல் தேசியப் புலனாய்வு முகமைத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தபோது ஆதரவு 278. எதிர்ப்பு வெறும் 6. எதிர்த்தவர் பட்டியலில் பெருங்கட்சி எதுவும் இல்லை. அந்த வாரம் எந்தத் தேநீர்க் கடையிலும் அது பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

பெரும்பாலான நாட்களில் பட்டியலே கிடையாது. 'ஆம்' என்போர் குரலும் 'இல்லை' என்போர் குரலும் கேட்டு, அவைத் தலைவர் தம் காதுக்கு எட்டியபடி முடிவு சொல்லிவிடுகிறார். யாராவது எழுந்து வற்புறுத்தினால்தான் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு. பொத்தானை அழுத்தினால் பதிவாகும் கருவி மக்களவையில் 1957ஆம் ஆண்டே வந்துவிட்டது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் பெருங்கூச்சலுக்கிடையே குரல் வாக்கிலேயே நிறைவேறின. பெயர் பதிவுடன் வாக்கெடுப்பு வேண்டுமென்று எதிர்க்கட்சிகள் கேட்டும் நடக்கவில்லை.

என் மாணவனின் கேள்விக்கு விடையும் அந்த வாரத்திலேயே இருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொறுப்புக் கழகங்களால் நிர்வகிக்கப்பட்ட பெருந்துறைமுகங்களை, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் உட்பட, புதிய ஆணையங்களின் கீழ்க் கொண்டுவரும் மசோதா அது. மாநிலங்களவையில் 2021 பிப்ரவரி 10 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 44. மக்களவையிலோ 2020 செப்டம்பர் 23 அன்று, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், குரல் வாக்கில் முடிந்துவிட்டது.

இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 84 என்றும் 44 என்றும் எழுதிக்கொண்டான்.

"நாம் வாக்களிப்பது மக்களவைக்குத்தானே உஸ்தாத்? அங்கே?" என்றான்.

"பெயர்கள் பதிவாகவில்லை."

அதையும் எழுதிக்கொண்டான். மஃரிபுக்கு முன் தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஸலாம் சொல்லிவிட்டு ஓடினான்.