கணிப்பொறிக்குள் 'களகள' ஓசை ஏன்?

கூஜாவைச் சாய்த்து நீர் ஊற்றும்போது 'களக், களக்' என்ற ஓசை எழுவதைக் கேட்டிருப்பீர்கள். அதே ஓசை கணிப்பொறிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தால்? மின்சாரம் ஓடும் இடத்தில் தண்ணீரா என்று திடுக்கிடத் தோன்றும். திரவத்தால் குளிர்விக்கப்படும் கணிப்பொறிகளில் இவ்வோசை கேட்பதுண்டு. அதன் காரணத்தைப் பார்ப்போம்.

திரவம் எதற்கு?

இன்றைய உயர்திறன் பிராசஸர்கள் பல, முழு வேகத்தில் இயங்கும்போது 150 வாட்டுக்கும் மேலான வெப்பத்தை வெளியிடுகின்றன. எரியும் 100 வாட் குண்டு பல்பைத் தொட்டாலே கை சுட்டுவிடும். அதைவிட அதிக வெப்பம் இங்கே ஒரு சிறு சில்லிலிருந்து பிறக்கிறது. இதை அகற்றுவதற்காகப் பிராசஸரின் மீது ஒரு செம்புத் தகட்டைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் அத்தகட்டின் மேலேயே ஒரு சிறு பம்பு இருக்கும். சூடான திரவம் குழாய் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, விசிறிக் காற்றில் குளிர்ந்து, மற்றொரு குழாய் வழியே திரும்புகிறது. கார் எஞ்சினைக் குளிர்விக்கும் அதே முறைதான். ஆனால் இங்கே திரவத்தைத் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிவிடுகிறார்கள்.

காற்று எங்கிருந்து வந்தது?

திரவம் சூடானால் விரியும். அதற்கு இடம் தரும் அளவுக்குச் சிறிது காற்று உள்ளே இருக்கும். மேலும், ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்ச் சுவரை ஊடுருவி நீராவி மிக மெதுவாக வெளியேறுகிறது. திரவம் குறையக் குறையக் காற்றின் பங்கு கூடுகிறது.

இக்காற்று குமிழிகளாகச் சிதறி ஓடும்போது 'களகள' ஓசை பிறக்கிறது. நீருக்குள் இருக்கும் குமிழி ஒரு சுருள்வில்லைப் போலச் சுருங்கி விரிந்து அதிரும். ஹாலந்து நாட்டு அறிஞர் மின்னார்ட் 1933-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி வினாடிக்குச் சுமார் 3,300 முறை அதிர்கிறது. குமிழி பெரிதானால் சுருதி தாழும்.

ஆபத்து எப்போது?

கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி எப்போதும் உயரமான பக்கத்தையே நாடும். இங்கும் அப்படித்தான். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும், தீங்கில்லை. ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் பொருத்தினாலோ, பம்பே உச்சியாகிவிடும். காற்றும் அதிலேயே சேரும். பம்பின் சுழலிக்குத் தனியே எண்ணெய் கிடையாது. சுற்றியுள்ள திரவமே உராய்வைக் குறைக்கிறது. அங்கே காற்று நிறைந்தால் பேரிங் தேயும், திரவ ஓட்டம் தளரும், பிராசஸர் சூடேறும். சூடு எல்லையைத் தொட்டால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால் கணிப்பொறியே நின்றுவிடும்.

எந்த ஓசை எதைக் குறிக்கும்?

'உஸ்' என்ற ஓசை விசிறியுடையது. விசிறியின் வேகத்தை மாற்றினால் அதுவும் மாறும். மெல்லிய, சீரான ரீங்காரம் பம்பின் இயல்பான ஓசை. புதிதாகப் பொருத்தியதும், இடம் மாற்றியதும் சில நிமிடங்கள் 'களகள' கேட்டால் கவலை வேண்டாம். ஓசை நீடித்தால், கணிப்பொறியை நிறுத்தி, மின் இணைப்பை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் மேலே இருக்கும்படி பெட்டியை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். குமிழிகள் இடம் மாறும். 'கரகர' ஓசையுடன் வெப்பநிலையும் ஏறினால் பம்பு பழுதாகிறது என்று பொருள். மூடிய அமைப்பைப் பிரிக்க முயலாமல் மாற்றிவிடுவதே நல்லது.

எனவே ஓசை கேட்டதும் அஞ்சாதீர்கள். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்புக்கு மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.